மேரி கார்ப்பென்டர் அம்மையாரும் மலைச் சிறுவர்களும்

சமீபத்தில் ஒரு காரியமாக ஜவ்வாது மலைக்குச் சென்றிருந்தோம். போளூரிலிருந்து மலையேறி, சாமைக் கொல்லைகளையும் புளிய மரங்களையும் கடந்து ஜமுனாமரத்தூரை அடைந்தபோது, நாம் வக்கீல் என்று யாரோ சொல்லக் கேட்டு ஒரு தாய் நம்மைத் தேடி வந்தாள். அவளுடைய மகன் மலைக்கு வெளியே வெகு தூரத்தில் ஒரு காட்டில் மரம் வெட்டப் போன இடத்தில் பிடிபட்டு, பெரியவர்களுடைய சிறையில் அடைபட்டிருந்தான். கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி ஒருவன் முன்பணம் கொடுத்து அழைத்துப் போனானாம். போகும் இடம் எது, வெட்டும் மரம் எது என்று பையனுக்குத் தெரியாதாம். அவனுக்கு வயது பதினைந்து என்று தாய் சாதித்தாள்; காகிதத்திலோ பத்தொன்பது என்று எழுதியிருந்தது. பிறந்த தேதியைக் கேட்டோம். சாமை அறுப்பு நடந்த மாதம், பெருமழை பெய்த வருஷம் என்பதற்கு மேல் அவளால் சொல்ல இயலவில்லை.

2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு, வயதை நிர்ணயிக்கும் முறையைத் தெளிவாக வகுத்திருக்கிறது. முதலாவது பள்ளிக்கூடச் சான்று. அது இல்லையேல் நகரசபையோ பஞ்சாயத்தோ அளித்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லையேல் எலும்புப் பரிசோதனை. இந்தப் பையன் பள்ளிக்கூடம் போனதில்லை. அவன் பிறப்பைப் பதிந்தவருமில்லை. எலும்பைப் படமெடுத்துச் சொல்லும் வயது ஒன்றிரண்டு வருஷம் முன்பின்னாக இருக்கக்கூடும் என்பதை நீதிமன்றங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆகவே, பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதியாத பையனுக்குத் தான் பையன் என்பதை மெய்ப்பிக்கவும் எளிதில் வழியில்லாமற் போகிறது. சட்டம் சிறுவர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது; ஆனால் எவனுக்கு அப்பாதுகாப்பு மிகுதியாக வேண்டுமோ, அவன் கைக்கே அது எட்டாமல் நிற்கிறது.

மலையிலிருந்து இறங்கும்போது நம் மனம் ஓர் ஆங்கில மாதின் சரித்திரத்தையே எண்ணிக் கொண்டிருந்தது. குற்றம் செய்த சிறுவனைச் சிறைக்கு அனுப்புவதா, பள்ளிக்கு அனுப்புவதா என்ற கேள்வியை உலகத்தின் முன் வைத்து, அதற்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்ட மேரி கார்ப்பென்டர் அம்மையாரைப் பற்றி நமது நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். அவர் ராஜா ராம்மோகன் ராயிடம் பக்தி கொண்டவர் என்பதும், நம் நாட்டிற்கு நான்கு முறை வந்தவர் என்பதும் அறிந்தவர் சிலரே. அவருடைய வரலாற்றைச் சுருக்கமாக இங்கே கூறுவோம்.

அம்மையார் 1807-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ந் தேதி இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரில் பிறந்தார். தந்தை லாண்ட் கார்ப்பென்டர், யூனிடேரியன் என்னும் ஏகேசுவரக் கொள்கையுடைய கிறிஸ்தவப் பிரிவின் குரு. 1817-ல் குடும்பம் பிரிஸ்டல் நகரத்தில் குடியேறிற்று. பெண்களுக்குத் தையலும் சங்கீதமும் போதும் என்று கருதிய அக்காலத்தில், தந்தை தாம் நடத்திய பாடசாலையில் மகளையும் பையன்களோடு அமர்த்தி, லத்தீன், கிரீக், கணிதம் முதலியவற்றைக் கற்பித்தார். பின்னர் அவர் தாயாருடன் சேர்ந்து ஒரு பெண் பள்ளியை நடத்தி வந்தார்.

1833-ம் வருஷம் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய வருஷம். அவ்வருஷம் செப்டம்பரில் ராஜா ராம்மோகன் ராய் பிரிஸ்டலுக்கு வந்தார். உடன்கட்டையேறும் கொடுமையை எதிர்த்துப் போராடிய அப்பெரியாரை நேரில் கண்டு அளவளாவும் பாக்கியம் இருபத்தாறு வயதான மேரிக்குக் கிடைத்தது. ஆனால் அது சில நாட்களே நீடித்தது. அதே மாதம் 27-ந் தேதி ராஜா அந்நகரத்திலேயே நோயுற்றுக் காலமானார். இந்தியா என்ற பெயர் அன்று மேரியின் உள்ளத்தில் பதிந்தது. முப்பத்துமூன்று வருஷங்களுக்குப் பிறகே அது செயலாக மலர்ந்தது.

அவ்வருஷத்திலேயே அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஏழைகளிடையே தொண்டாற்றி வந்த ஜோசப் டக்கர்மன் என்னும் குருவும் பிரிஸ்டலுக்கு வந்தார். அவரும் மேரியும் நகரத்தின் இழிந்த சந்துகளில் நடந்து கொண்டிருக்கையில், கந்தல் உடுத்த சிறுவன் ஒருவன் குறுக்கே ஓடி மறைந்தான். அந்தச் சிறுவனைப் பின்தொடர்ந்து சென்று, அவன் வீட்டையும் நிலைமையையும் பார்க்க வேண்டியதே நம் கடமை என்று டக்கர்மன் சொல்லிவிட்டு நடந்தாராம். அச்சொல் மேரியின் மனத்தில் தைத்தது. அதன் பிறகு அவர் வாழ்ந்த நாற்பத்துநான்கு வருஷங்களையும், ஓடி மறைந்த அந்தச் சிறுவனைத் தேடிச் சென்ற ஒரே யாத்திரை என்று சொன்னால் தகும்.

1846-ல் பிரிஸ்டலில் லூயின்ஸ் மீட் என்னும் இடத்தில் கந்தல் பள்ளி ஒன்றை அம்மையார் தொடங்கினார். கந்தல் உடுத்த குழந்தைகளுக்கென்று, சம்பளம் வாங்காமல், குளிக்கவும் எழுதவும் படிக்கவும் கற்பித்த பள்ளிகளுக்கு அக்காலத்தில் அதுவே பெயர். அங்கு வந்த குழந்தைகளில் சிலர் அடிக்கடி காணாமற் போவார்கள். விசாரித்தால் சிறையில் இருப்பார்கள். ரொட்டித் துண்டுக்கும் கைக்குட்டைக்கும் சிறை சென்று, தேர்ந்த திருடர்களின் சகவாசத்தில் பயின்று திரும்புவார்கள். மறுபடியும் சிறை புகுவார்கள். சிறை என்பது குற்றத்தை நிறுத்தும் இடமன்று, குற்றத்தைக் கற்பிக்கும் கலாசாலை என்ற உண்மையை அம்மையார் புத்தகத்தில் படித்தறியவில்லை. தம் பள்ளியின் காலி இடங்களைப் பார்த்தே தெரிந்து கொண்டார்.

1851-ல் சீர்திருத்தப் பள்ளிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அதில் அவர் குழந்தைகளை இரண்டு வகையாகப் பிரித்தார். இன்னும் குற்றம் செய்யவில்லை, ஆனால் பசியாலும் கவனிப்பாரற்ற நிலையாலும் நாசத்தை நோக்கிச் செல்பவர்கள் ஒரு வகை. ஏற்கெனவே குற்றத்தில் விழுந்துவிட்டவர்கள் மற்றொரு வகை. முதல் வகையாருக்கு இலவசப் பள்ளிகளும், தெருவில் திரிவோருக்கு உணவும் தொழிலும் தரும் பள்ளிகளும் வேண்டும். இரண்டாம் வகையாருக்குச் சிறைக்குப் பதில் சீர்திருத்தப் பள்ளி வேண்டும் என்றார். இரு வகையாருக்கும் இடையே இருப்பது பிறவி வேற்றுமையன்று, காலத்தின் வேற்றுமையே என்பது அவருடைய சித்தாந்தத்தின் சாரம். இன்று முதல் வரிசையில் நிற்கும் குழந்தை நாளை இரண்டாம் வரிசைக்குப் போய்விடும், போகவிட்டது சமூகமே.

பிரான்ஸில் மெத்ரே என்னுமிடத்திலும், ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தருகிலும் சிறுவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வயல் வேலையும் தொழிலும் கற்பித்து வந்த இல்லங்கள் அவருக்கு முன்மாதிரியாயின. இங்கிலாந்திலோ வைட் தீவில் பார்க்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் 1838 முதல் சிறுவர்களுக்கென்றே ஒரு சிறை இருந்தது. குழந்தையின் காலில் விலங்கிட்டு அவன் உள்ளத்தைத் திருத்த முடியாது என்று அம்மையார் அதைக் கண்டித்தார். 1851-ல் பர்மிங்ஹாமில் கூடிய மகாநாடு அவர் முயற்சியின் பலனே. எனினும் ஸ்திரீகள் பொதுச் சபையில் பேசலாகாது என்ற அக்கால வழக்கத்திற்கு உட்பட்டு, அவர் அங்கு வாய் திறவாது அமர்ந்திருந்தார்! மறுவருஷம் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் சாட்சியம் கூறி, அம்மௌனத்திற்கு ஈடு செய்தார்.

சொன்னதைச் செய்து காட்டாதவரின் சொல் அம்பலம் ஏறாது. அம்மையார் 1852-ல் கிங்ஸ்வுட் என்ற ஊரில் சீர்திருத்தப் பள்ளியொன்றை நிறுவினார். 1854-ல் கவி பைரனின் மனைவியார் பிரிஸ்டலில் சிவப்பு மாளிகை என்னும் பழைய கட்டடத்தை வாங்கிக் கொடுக்க, குற்றம் செய்த பெண் குழந்தைகளுக்கென்று தனிப் பள்ளி அங்கு ஏற்பட்டது. வேலை இலகுவாக நடந்ததென்று நேயர்கள் கருத வேண்டாம். பிள்ளைகள் ஓடிப் போனார்கள், பொருள்களை உடைத்தார்கள், ஆசிரியர்கள் சலித்து விலகினார்கள். அம்மையார் சலிக்கவில்லை. 1858-ல் ஒரு சிறு பெண்ணைத் தத்தெடுத்துத் தம் மகளாகவே வளர்த்தார். அந்தப் பள்ளியைத் தம் அந்திய காலம் வரையில் தாமே மேற்பார்த்தார்.

1854-ல் இயற்றப்பட்ட பாலியக் குற்றவாளிகள் சட்டம் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் அளித்தது. ஆனால் அதிலே ஒரு முள் இருந்தது. பள்ளிக்கு அனுப்புமுன் குழந்தை பதினான்கு நாளாவது சிறையில் இருந்தாக வேண்டும் என்பதே அது. குற்றத்திற்குக் கூலி கொடுத்தாலன்றி நீதி திருப்தியடையாது என்ற பழைய எண்ணம் அவ்விதம் வாலை விட்டுச் சென்றது. அம்மையார் அதைக் கடைசி வரையில் எதிர்த்தார். அந்த வால் அறுந்தது 1899-ல். அதைக் காண அவர் உயிரோடில்லை.

ஐம்பத்தொன்பதாம் வயதில், மற்றவர் ஓய்வு நாடும் பருவத்தில், ராம்மோகனுக்குப் பட்ட கடனைத் தீர்க்க அவர் கப்பலேறினார். 1866 செப்டம்பரில் பம்பாயில் இறங்கி, ஆமதாபாத், சூரத், பூனா, சென்னை, கல்கத்தா ஆகிய நகரங்களைப் பார்வையிட்டார். பெண் பள்ளிகளைப் பார்த்த அவர் சிறைகளையும் விடவில்லை. கல்கத்தாவில் ஈசுவரசந்திர வித்தியாசாகரர் அவருடன் உத்தரபாராவிலிருந்த பெண் பள்ளிக்குச் சென்று திரும்பும் வழியில் வண்டி கவிழ்ந்து படுகாயமுற்றதும், அதன் பிறகு அவர் தேக ஆரோக்கியம் பழைய நிலைக்குத் திரும்பாததும் வங்காளத்தார் இன்றும் வருத்தத்துடன் நினைவு கூரும் சம்பவம்.

இந்தியச் சிறைகளில் சிறுவர்கள் பெரிய கைதிகளோடு கலந்து கிடந்ததை அம்மையார் கண்டு, ராஜப்பிரதிநிதிக்கும் லண்டனிலிருந்த மந்திரிகளுக்கும் ஓயாமல் எழுதினார். பெண் ஆசிரியர்களைத் தயாரிக்கும் பாடசாலைகள் வேண்டுமென்று வற்புறுத்தினார். 1868-லும் 1869-லும் 1875-லும் மீண்டும் வந்தார். 1870-ல் பிரிஸ்டலில் கேசவசந்திர சேனர் விஜயம் செய்ததையொட்டி, இந்தியாவைப் பற்றிய அறிவை ஆங்கிலேயரிடையே பரப்ப ஒரு சங்கத்தையும் நிறுவினார். 1876-ல் இந்தியச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் நிறைவேறியதற்கு அவருடைய இடைவிடாத கிளர்ச்சியும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அடுத்த வருஷம் ஜூன் மாதத்தில், தம் எழுபதாவது வயதில், பிரிஸ்டலில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

அன்னிய ஆட்சியை எதிர்த்து வளர்ந்த ஒரு தேசம் ஓர் ஆங்கில மாதைப் போற்றுவானேன் என்று சிலர் கேட்கலாம். அவரிடம் குறையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஏழைப் பெண்களை நல்ல வேலைக்காரிகளாக்குவதற்கு மேல் அவருடைய பள்ளி ஆசைப்படவில்லை. ஆளும் ஜாதியார் நன்மை செய்ய விரும்பினால் போதும், ஆளப்படுவோர் நிலை உயர்ந்துவிடும் என்ற மயக்கமும் அவருக்கு இருந்தது. ஆயினும் அவருடைய கொள்கைக்கும், அவர் நாட்டார் இங்கு நடத்திய ஆட்சியின் கொள்கைக்கும் இருந்த தூரத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

1871-ல் அதே இந்திய சர்க்கார் குற்றப் பரம்பரையினர் சட்டத்தை இயற்றியது. சில ஜாதியாரில் பிறந்த குழந்தை குற்றவாளியாகவே பிறக்கிறது என்பது அதன் அஸ்திவாரம். ஐந்து வருஷம் கழித்து இயற்றிய சீர்திருத்தப் பள்ளிச் சட்டத்தின் அஸ்திவாரமோ, எந்தக் குழந்தையும் திருந்தக்கூடும் என்பது. ஒரே சர்க்கார் இரண்டையும் எப்படி நம்ப முடியும்? அந்த 1876-ம் வருஷத்திலேயே இத்தாலியில் லொம்ப்ரோஸோ என்னும் வைத்தியர், குற்றவாளியை மண்டையோட்டின் அமைப்பைக் கொண்டே கண்டுபிடிக்கலாம் என்று நூலெழுதினார். ஐரோப்பாவே சில காலம் அதை நம்பிற்று. பின்னர் சிகாகோவில் ஹீலி 1915-லும், லண்டனில் பர்ட் 1925-லும் வெளியிட்ட ஆராய்ச்சி நூல்கள், சிறுவர் குற்றத்திற்கு ஒரே காரணமென்பதே இல்லை, வறுமை, குடும்பச் சிதைவு, சகவாசம், உள்ளக் குறை ஆகிய பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன என்று காட்டின. பிரிஸ்டல் சந்துகளில் அலைந்த மாது விஞ்ஞானியல்லர். எனினும் விஞ்ஞானிகளுக்கு முன்பே சரியான இடத்தில் தேடியவர் அவரே. குற்றப் பரம்பரையினர் சட்டமோ 1911-க்குப் பின் நமது ராஜதானியிலும் ஆயிரக்கணக்கானோரை வாட்டி, 1947-ல்தான் இங்கு ஒழிந்தது.

சென்னை ராஜதானியில் செங்கற்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி 1887-ல் ஏற்பட்டது. 1897-ல் பழைய சட்டத்திற்குப் பதிலாக வந்த புதிய சட்டம் பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களை மூன்று முதல் ஏழு வருஷம் வரையில் அத்தகைய பள்ளிகளில் வைக்க இடங்கொடுத்தது. பெண் குழந்தைகளை அது சேர்க்கவேயில்லை. பெண்களுக்கென்று பள்ளி நிறுவிய மாதின் முயற்சியால் முளைத்த சட்டத்திற்கு இந்தக் கதி! 1920-ல் சென்னைச் சிறுவர் சட்டம் பிறந்தது. தேசத்திலேயே அதுதான் முதலாவது. வங்காளம் 1922-லும், பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. தஞ்சையில் வாலிபக் கைதிகளுக்குப் போர்ஸ்டல் பள்ளி 1926-ல் ஏற்பட்டது. சுதந்தர இந்தியா 1986, 2000, 2015 ஆகிய வருஷங்களில் தேசம் முழுவதற்கும் சட்டங்கள் செய்தது. 2012-ல் தில்லியில் நடந்த கொடுஞ்செயலால் எழுந்த கொதிப்பின் பயனாக, கொடிய குற்றம் சாட்டப்பட்ட பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோரைப் பரிசீலனைக்குப் பின் பெரியவர்களைப்போல் விசாரிக்கலாம் என்று கடைசிச் சட்டம் கூறுகிறது. கோபத்தில் எழுதிய விதி அது. அதை ஆதரிப்போரின் துயரத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் பதினான்கு நாள் சிறையை வற்புறுத்திய பழைய முள்ளின் சாயலை அதில் காணாமல் இருக்க முடியவில்லை.

மீண்டும் ஜவ்வாது மலைக்கு வருவோம். 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரும் தமிழர். அவர்களைக் கூலிக்கு அனுப்பியவர்கள் எவரும் அந்தக் காட்டில் விழுந்து கிடக்கவில்லை. மரத்தை விற்றுப் பொருள் குவிப்பவன் பட்டணத்தில் இருக்கிறான். கோடரி பிடித்தவன் சிறையிலோ சுடுகாட்டிலோ இருக்கிறான். சிறுவர்களைச் சட்டவிரோதக் காரியத்தில் ஈடுபடுத்துவோருக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஐந்து லக்ஷம் ரூபாய் அபராதமும் விதிக்க 2015-ம் வருஷத்துச் சட்டத்தின் 83-வது பிரிவு இடந்தருகிறது. அந்தப் பிரிவைக் கோடரியின் பக்கம் திருப்பாமல் மேஸ்திரியின் பக்கம் திருப்ப வேண்டும்.

அத்துடன், மலையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பும் பதியப்பட வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளிகளில் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பிள்ளையும் இருக்க வேண்டும். ஆசிரியரும் இருக்க வேண்டும். இளம் வயதினன் என்ற வாதத்தை எந்தக் கோர்ட்டிலும், எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பின்னருங்கூட எழுப்பலாம் என்று சட்டத்தின் 9-வது பிரிவு கூறுகிறது. இதை அறிந்த வக்கீல்கள் வாரம் ஒரு நாளாவது சிறைகளுக்குச் சென்று, மீசை முளைக்காத கைதிகளைத் தேடிப் பார்ப்பார்களாக. தேசத் தொண்டு செய்ய விரும்பும் வாலிபர்கள் மேடையேறுவதற்கு முன் ஒரு தடவை மலையேறுவார்களாக.

இம்மலைப் பழங்குடியில் பிறந்த ஓர் இளம்பெண் 2024-ல் சிவில் நீதிபதிக்கான தேர்வில் தேறினார். பள்ளிக்கூடம் கிடைத்தவர் நீதிபதியின் ஆசனத்தில் அமர, அது கிடைக்காதவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். இருவரும் ஒரே மலையின் மக்கள். லொம்ப்ரோஸோவுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறென்ன வேண்டும்?

அந்தத் தாயின் சார்பில் வயது விசாரணை கோரி மனுச் செய்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. முடிவு எவ்வாறாயினும், ஓடி மறைந்த சிறுவனைப் பின்தொடர்ந்து சென்று பார்க்கும் கடமை நம்மை விட்டு நீங்காது.